பதினேழாவது கட்டம்

முக்கூடலில் பேச்சித்தாய் வீட்டுத் தொட்டிலை
இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.
உத்தரத்தில் தொங்குகிறது,
வாயைக் கட்டிய பை மாதிரி.

நான் ஜெபக்கனி, துணை சுகாதார நிலையம்.
கையில் சிசு மரண விசாரணைப் படிவம்,
கார்பன் வைத்து மூன்று படி.

வயது: எழுபத்தொரு நாள்.
பெயர்: வைக்கவில்லை. தை பிறக்கட்டும் என்றிருந்தார்கள்.
பிறந்த எடை: இரண்டு கிலோ நூறு. மாசம் நிறையவில்லை.
காய்ச்சல்? இல்லை.
அழுததா?
"அழுதிருந்தா முழிச்சிருக்க மாட்டனா யக்கா?"

கடைசியாகப் படுக்க வைத்த விதம்?
"குப்புறத்தான். அப்பத்தான் வெடுக்குன்னு முழிக்க மாட்டா."
படுக்கை?
சீருக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தை.
கையை வைத்துப் பார்த்தேன்,
மணிக்கட்டு வரை முங்கியது.
போர்வை?
கார்த்திகை மழை. ஸ்வெட்டர், குல்லா, மேலே கம்பளி ரெண்டு.
பக்கத்தில் படுத்தவர்?
"நானும் அவுகளும்."
வீட்டில் புகைப்பவர்?

சப்பாணிமுத்து கதவு நிலையில் நிற்கிறான்.
அவள் சுற்றுகிற பீடியில்
கழிவு விழுந்ததெல்லாம் அவனுக்கு.
உள்ளங்கையை முகர்ந்து பார்க்கிறான்.
வேட்டியில் துடைக்கிறான்.
திரும்பவும் முகர்கிறான்.

தெரு ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டது:
உறக்கத்தில் அமுக்கிட்டாளாம்,
இசக்கிக்கு நேர்ந்த தொட்டிலைக்
கட்ட மறந்தாளாம்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரித் தாளில் ஒரே வரி:
காரணம் கண்டறிய இயலவில்லை.

"நான் செஞ்சதுல எது யக்கா?"

எதுவும் இல்லை பேச்சி.
ஒவ்வொன்றும் ஒரு சன்னலைத்
திறந்து வைக்கும், அவ்வளவுதான்.
எது வழியாக வந்ததென்று
பெரிய டாக்டருக்கும் தெரியாது.
எல்லாவற்றையும் அடைத்த வீட்டுக்கும்
சில ராத்திரி...

அதற்கு மேல் சொல்லவில்லை.
அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிவத்தில் பதினாறு கட்டம்.
பதினேழாவதை நான் போட்டுக்கொண்டேன்,
பஸ்ஸில், டிக்கெட்டுக்குப் பின்னால்:

நாற்பத்திரண்டாம் நாள் செவிலியர் வந்தாரா? வந்தார்.
குப்புறக் கிடந்த பிள்ளையைப் பார்த்தாரா? பார்த்தார்.
"தூங்குத புள்ளைய எழுப்பிராதிய" என்றாள்.
நான் சிரித்தேன்.
பன்னிரண்டு நாற்பது பாப்பாக்குடி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.
வாசலில் நின்றபடியே
கையெழுத்துப் போட்டேன்.

அந்த டிக்கெட்டை இன்னும் கிழிக்கவில்லை.

இன்றைக்கு அரியநாயகிபுரம்,
ஆவுடைச்செல்வியின் மகன், ஐம்பது நாள்.
வெல்வெட் தலையணையில் முகம் புதைய
குப்புறக் கிடக்கிறான். பிடரியெல்லாம் வேர்வை.

"இப்பத்தான் கண்ணசந்தான் சிஸ்டர்."

தெரியும் தாயி.
புரட்டிப் போடுகிறேன். மல்லாக்க.
தலையணையை உருவுகிறேன். குல்லாவைக் கழற்றுகிறேன்.
ஒரு பத்தமடைப் பாய், அதன்மேல்
இழுத்துச் செருகிய ஒற்றைத் துணி, போதும்.
உன் கை எட்டுகிற தூரத்தில், தனியாக.
தாய்ப்பால் கொடு; குடித்ததும்
அவன் பாய்க்கே அவனைத் திருப்பு.

"பால் எதுக்களிச்சா புரையேறாதா?"
ஏறாது. மல்லாந்தால்
மூச்சுக்குழல் மேலே, பால்குழல் கீழே.
"மண்டை சப்பட்டையாயிருமே?"
முழிச்சிருக்கும்போது குப்புறப் போடு,
பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு.
"அவுக பீடியை வெளியேதான் குடிக்காக."
சட்டை உள்ளேதானே வருகிறது?

பையன் முழித்துவிட்டான்.
காலை உதைத்து, முகம் செங்கல்லாகி,
தெருமுனை வரை கேட்கிற மாதிரி வீறிடுகிறான்.
"எழுப்பிட்டியளே" என்று
ஆவுடைச்செல்வி முறைக்கிறாள்.

முறைக்கட்டும்.
பாலத்தில் ஹாரன் கேட்டு ஓய்கிறது.
பையைக் கீழே வைத்துவிட்டு
பாய் ஓரமாக உட்கார்கிறேன்.

அடுத்த பஸ் நாலரைக்கு.